சின்னக் கடையின் இணையதளம்: வருகிறவர்களின் தகவலில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

மரச்செக்கு எண்ணெய், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, நாட்டுச் சர்க்கரை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவிலும் கொங்குப் பகுதியிலும் இப்படிப்பட்ட கடைகள் நிறைய இருக்கின்றன. இணையதளம் என்றால் ஏழெட்டுப் பக்கம்தான். பொருள், விலை, விசாரணை ஃபார்ம், வாட்ஸ்அப் எண், கடைக்கு வழி காட்டும் கூகுள் மேப், செக்கு ஓடுவதைக் காட்டும் ஒரு யூடியூப் வீடியோ. தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் வழக்கம்போல, வருகையைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸையும் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்.

இந்தத் தளத்துக்கு வருகிறவர்களைப் பற்றிக் கடை என்னென்ன சேர்க்கிறது, அது எங்கே போய்க் குவிகிறது என்று கேட்டால் பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தெரியாது. இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 2027 மே. ஆற அமர யோசித்து முடிவெடுக்க இதுதான் சரியான நேரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் குக்கீயைப் (வருகிறவரின் உலாவியில் தளம் வைத்துவிடும் சின்னக் குறிப்பு) பற்றியும் அனலிடிக்ஸைப் பற்றியும் பேசுகிறார்கள். சின்னக் கடைக்கு அது சின்னக் கேள்வி. ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். பெரிய கேள்வி, ஃபார்மில் பெயரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தாரே ஒருவர், அந்த எண் யார் யார் கைக்குப் போகிறது என்பதுதான். இரண்டுக்கும் உள்ள வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சட்டத்தில் சின்னக் கடைக்கு வேண்டியவை

முழுச் சட்டத்தையும் விளக்கப்போவதில்லை. முடிவைப் பாதிக்கிற சில விஷயங்கள் மட்டும்.

ஒரு ஆளை அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான். பெயர், எண் மட்டும் இல்லை. இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியையும் அப்படியே கருதிக்கொள்வது பாதுகாப்பு. சேர்க்கிறவர்தான் பொறுப்பாளர். ஹோஸ்டிங் நிறுவனமோ தளம் கட்டிக்கொடுத்தவரோ தவறு செய்தாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். தகவல் வெளியே கசிந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான விவரம் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கான அபராதத்தின் மேல்வரம்பு 250 கோடி ரூபாய். பெட்டிக்கடைக்கு அந்தத் தொகையைப் போடமாட்டார்கள். மீறலின் தன்மையையும் அளவையும் பார்த்துத்தான் வாரியம் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 'சின்னக் கடை' என்பதற்காகத் தானாகக் கிடைக்கும் விலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. அரசு அறிவித்தால்தான் உண்டு.

ஒப்புதல் என்பதற்கும் சட்டம் தெளிவாக வரையறை வைத்திருக்கிறது. கேட்கப்பட்டவர் விஷயம் புரிந்து, கட்டாயம் இல்லாமல், தன் செயலால் 'சரி' என்று சொல்ல வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 'இந்தத் தளம் குக்கீ பயன்படுத்துகிறது' என்று அடியில் ஒரு பட்டையைக் காட்டி ஒரே ஒரு பொத்தானை வைத்தால் அது ஒப்புதல் ஆகாது.

கடைக்காரருக்கு நிம்மதி தரும் ஒரு பிரிவும் இருக்கிறது. ஒருவர் தானாக முன்வந்து, ஒரு காரியத்துக்காகத் தகவலைக் கொடுத்தால், அந்தக் காரியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. மருந்துக் கடையில் பொருள் வாங்கியவர், பணம் கட்டியதற்கான ரசீதைப் போனுக்கு அனுப்பச் சொல்லி எண்ணைக் கொடுப்பதைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. ஆக, 'ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் என்ன விலை' என்று ஃபார்மில் கேட்டவருக்குப் பதில் சொல்ல அவர் எண்ணைப் பயன்படுத்தலாம். அதே எண்ணுக்குத் தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்ப வேண்டுமானால் அது வேறு காரியம். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எத்தனை பேர் வந்தார்கள்? நான்கு வழிகள்

முதலில் எண்ணிக்கைக் கருவி. ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம்? எந்தப் பொருளின் பக்கத்தை அதிகம் பார்க்கிறார்கள், கூகுளிலிருந்து வருகிறார்களா முகநூலிலிருந்தா, செல்போனிலா கணினியிலா. இதற்கு மேல் ஒரு சின்னக் கடை தெரிந்துகொண்டு மாற்றி அமைக்கக்கூடியது அதிகம் இல்லை.

கூகுள் அனலிடிக்ஸ் இலவசம். பழைய வடிவம் 2023 ஜூலையில் நின்றுபோய், இப்போது இருப்பது நான்காம் வடிவம். ஐபி முகவரியைச் சேமிப்பதில்லை என்று கூகுள் சொல்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் வருகிறவரின் உலாவியில் ஒரு அடையாள எண்ணை வைக்கிறது. அந்தக் குக்கீயின் இயல்பான ஆயுள் இரண்டு ஆண்டு. வருகிறவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், எதை அழுத்தினார் என்பதெல்லாம் கூகுளின் சர்வருக்குப் போகிறது. எண்ணெய் விலை பார்க்க வந்தவர் இதற்குச் சம்மதித்தாரா? கேட்டால்தானே தெரியும். கேட்கும் பட்டையைச் சரியாக வைத்தால், அதாவது 'வேண்டாம்' என்பதும் அதே அளவில் அங்கேயே இருந்து, 'சரி' சொன்ன பிறகுதான் கணக்கெடுக்கும் ஸ்கிரிப்ட் (பக்கத்தோடு ஓடும் சின்ன நிரல்) ஓடும் என்று வைத்தால், 'வேண்டாம்' என்றவர்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் எப்படியும் கணக்கில் வருவதில்லை. ஐபோனின் சஃபாரி உலாவி இந்த வகைக் குக்கீகளை ஏழு நாளில் அழித்துவிடுவதால், பத்தாம் நாள் திரும்பி வருகிறவர் புதியவராகத் தெரிவார். இவ்வளவு தகவலை வெளியே அனுப்பியும் கிடைப்பது துல்லியமான கணக்கு இல்லை.

மடோமோ இரண்டாவது வழி. 2007-ல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி, 2018-ல் பெயர் மாறிய திறமூல மென்பொருள், அதாவது மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், காசு கிடையாது, தகவல் நம்மை விட்டு எங்கும் போகாது. குக்கீ இல்லாமல் ஓடவிடலாம், ஐபி முகவரியின் கடைசிப் பகுதிகளை மறைத்துச் சேமிக்கலாம், இத்தனை நாள் கழித்துப் பழைய விவரத்தை அழி என்று சொல்லி வைக்கலாம். வசதிகளில் கூகுளுக்கு அருகில் வரக்கூடியது இதுதான். சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் இரண்டின் மேல் ஓடுகிற இன்னொரு மென்பொருள் சர்வரில் ஏறுகிறது. அதற்கு அவ்வப்போது அப்டேட் போட ஆள் வேண்டும். போடாமல் விட்டால், தனியுரிமைக்காக நிறுவிய மென்பொருளே தளத்துக்குள் நுழையும் ஓட்டையாகிவிடும். மாதம் ஒருமுறை சர்வரைப் பார்க்கிற ஆள் இருந்தால் மடோமோவைத் தாராளமாக வைக்கலாம். ஆள் இல்லாத கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, எடை குறைந்த எண்ணிகள். பிளாசிபிள், கோட்கவுண்ட்டர் போன்றவை. பிளாசிபிள் எஸ்டோனியாவில் பதிவான நிறுவனம். மாதக் கட்டணம் உண்டு. தரவு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறது. குக்கீ வைப்பதில்லை. ஐபி முகவரியையும் உலாவியின் பெயரையும் ஒரு ரகசிய எண்ணோடு கலந்து ஒரு குறியீட்டை உண்டாக்கி, அந்த ரகசிய எண்ணை நாளுக்கொருமுறை தூக்கி எறிந்துவிடுகிறது. இன்று வந்தவரும் நாளை வருபவரும் ஒரே ஆளா என்று அதற்கே தெரியாது. கோட்கவுண்ட்டரும் இதே மனப்போக்கில் செய்யப்பட்டது. சின்னத் தளங்களுக்கு இலவசம், நன்கொடையில் ஓடுகிறது, திறமூலம் என்பதால் வேண்டுமானால் சொந்த சர்வரிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டின் ஸ்கிரிப்டும் கூகுளுடையதைவிடப் பல மடங்கு சிறியவை. ஊர்ப்புறத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காத போனில் பக்கத்தைத் திறப்பவருக்கு இது நேரடியாகத் தெரியும் நன்மை. முன்னால் கேட்ட மூன்று கேள்விக்கும் இவை ஒரே பக்கத்தில் பதில் சொல்லிவிடுகின்றன.

நான்காவது வழியைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே இருக்கிறது. எந்த சர்வரும் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று ஒரு லாக் கோப்பில் எழுதிக்கொண்டே வருகிறது: ஐபி முகவரி, நேரம், பக்கம், எங்கிருந்து வந்தார், என்ன உலாவி. குறைந்த விலை ஹோஸ்டிங்கில் தளத்தை நிர்வகிக்கக் கிடைக்கும் சிபேனலுக்குள் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற பழைய நிரல் பெரும்பாலும் இருக்கும். அந்த லாக்கைப் படித்து அட்டவணை போட்டுக் காட்டும். சொந்த சர்வர் என்றால் கோஆக்சஸ் அதே வேலையை இன்னும் அழகாகச் செய்யும். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், பக்கத்தில் ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட ஏறாது, வெளியாட்கள் யாருக்கும் எதுவும் போகாது.

குறை என்ன? எண்ணிக்கை மிகையாகத் தெரியும். தேடுபொறிகளின் நிரல்களும் ஓட்டை தேடி அலையும் நிரல்களும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு பகுதியைத்தான் ஏடபிள்யூஸ்டாட்ஸால் பிரிக்க முடிகிறது. இன்னொரு பக்கம், செல்போன் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், பத்துப் பேர் ஒருவராகத் தெரிவதும் உண்டு. எனவே 'எத்தனை பேர்' என்ற எண்ணை நம்ப வேண்டாம். 'கருப்புக் கவுனிப் பக்கம் போன மாதத்தைவிட அதிகம் பார்க்கப்பட்டதா' என்ற ஒப்பீட்டை ஓரளவு நம்பலாம்.

லாக்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் எழுதிய கையேடுகளைப் படித்தால், லாக்கை சில நாளிலேயே அழித்துவிடு என்று இருக்கும். அந்த அறிவுரை இங்கே அப்படியே செல்லாது. இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, நிறுவனங்கள் 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்கிறது. புதிய தரவு விதிகள் பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைக்கச் சொல்கின்றன. அத்துமீறல் நடந்தால் யார் நுழைந்தது என்று கண்டுபிடிக்க அது வேண்டும் என்பது காரணம். எனக்கு இது முழுத் திருப்தி தருகிற ஏற்பாடு இல்லை. இவ்வளவு நாள் வைத்திருப்பதே ஒரு சுமை. ஆனால் சட்டம் இதுதான் என்பதால், லாக்கை வைத்துக்கொண்டு, அதை எடுத்துப் பார்க்கக் கூடியவர்களைக் குறைப்பதே வழி. லாக் எப்படியும் இருக்கத்தான் போகிறது என்னும்போது, அதற்கு மேல் இன்னொரு கண்காணிப்பை எதற்குச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி கூடுதல் வலுப்பெறுகிறது.

விளம்பரம் கொடுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. மாதாமாதம் கூகுளிலோ இன்ஸ்டாகிராமிலோ பணம் போடுகிறவருக்கு, எந்த விளம்பரத்தால் ஆர்டர் வந்தது என்று தெரிவது செலவை மிச்சப்படுத்தும். அவருக்கு கூகுள் அனலிடிக்ஸ் நியாயமான தேர்வு, முறையான ஒப்புதல் கேட்டு வைத்தால். அப்போதும் முதலில் ஒன்றை முயன்று பார்க்கலாம்: ஒவ்வொரு விளம்பரத்தின் இணைப்புக்கும் தனித்தனிக் குறி வைத்தால், எடை குறைந்த எண்ணியே எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை வருகை என்று காட்டிவிடும். ஆர்டர் போனில் வருகிறது என்றால் 'எங்கே பார்த்தீங்க?' என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வது எந்த மென்பொருளைவிடவும் சரியான பதிலைத் தரும்.

ஃபார்மில் வந்த எண் எங்கே போகிறது?

இப்போது பெரிய கேள்வி. அனலிடிக்ஸில் சிக்குவது ஒரு உலாவியின் நடமாட்டம். ஃபார்மில் சிக்குவது ஒரு மனிதரின் பெயர், எண், சில சமயம் வீட்டு முகவரி. கசிந்தால் அவருக்குத் தெரியாத ஆட்களின் அழைப்பு வரும். ஒரு பெண்ணின் எண் வெளியே போனால் என்னென்ன வரும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இதைப் பெரிய கேள்வி என்கிறேன்.

வழி எதுவாக இருந்தாலும் முதல் வேலை, ஃபார்மைச் சுருக்குவது. விலை விசாரிக்கிறவரிடம் முழு முகவரி எதற்கு? பார்சல் செலவு சொல்ல ஆறு இலக்கப் பின்கோடு போதும். பிறந்த தேதி, இன்னொரு மொபைல் எண், மின்னஞ்சல் கட்டாயம் என்பதெல்லாம் தயார் நிலையில் கிடைத்த ஃபார்மிலிருந்து அப்படியே வந்தவை. எடுத்துவிடலாம். பெயர், போன், பின்கோடு, என்ன வேண்டும். நான்கு கட்டம்.

அது போய்ச் சேரும் இடங்களைப் பார்ப்போம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளத்தில் கான்டாக்ட் ஃபார்ம் 7 போன்ற பிளகின் (கூடுதல் வசதிக்கான இணைப்பு நிரல்) இருந்தால், இயல்பாக அது நிரப்பியதை மின்னஞ்சலாக அனுப்புகிறது, தளத்தில் சேமிப்பதில்லை. இதன் அருமை தளம் ஹேக் ஆகும் அன்று தெரியும். உள்ளே நுழைந்தவனுக்குப் பழைய விசாரணைகள் எதுவும் கிடைக்காது. இதே பிளகினோடு சேமிப்புக்கான துணைப் பிளகினைப் போட்டாலோ, எல்லாவற்றையும் டேட்டாபேஸில் வைக்கிற வேறு ஃபார்மைப் பயன்படுத்தினாலோ, ஆண்டுக்கணக்கான பெயரும் எண்ணும் தளத்திலேயே குவிந்து கிடக்கும். சின்ன வேர்ட்பிரஸ் தளங்கள் பழைய பிளகின்கள் வழியாகத்தான் அதிகம் உடைபடுகின்றன. 'மின்னஞ்சல் தவறிவிட்டால் ஒரு நகல் இருக்கட்டுமே' என்பது நியாயமான வாதம்தான். அப்படி வைத்தால், பழையதை அழிக்கும் வேலைக்கு ஒரு ஆளும் ஒரு தேதியும் குறித்தே ஆக வேண்டும்.

மின்னஞ்சல் வழியில் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஃபார்மின் பெறுநர் பட்டியலைத் திறந்து பாருங்கள். தளம் கட்டியவர் சோதனைக்காகப் போட்ட தன் முகவரி இன்னும் அங்கே இருக்கலாம். இருந்தால் கடைக்கு வந்த ஒவ்வொரு விசாரணையும் இன்றுவரை அவருக்கும் போய்க்கொண்டிருக்கும், அவரே கவனிக்காமல். அப்புறம் அந்த மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டு. கடையில் நான்கு பேருக்குத் தெரியும் என்றால், வேலையை விட்டுப் போன ஐந்தாவது ஆளுக்கும் தெரியும். மாற்றிவிட்டு இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுவது பத்து நிமிட வேலை. இதுபோல் பலன் தரும் பத்து நிமிடம் வேறு இல்லை.

கூகுள் ஃபார்ம் பலருக்கும் பழக்கமானது. நிரப்பியது நேராக ஷீட்டில் விழும். தேட, வடிகட்ட, அழிக்க எல்லாமே சுலபம். சர்வர் பாதுகாப்பில் நம் கடையைவிட கூகுள் ஆயிரம் பங்கு கெட்டி. ஆனால் ஷீட்டை ஒருவருக்கொருவர் பகிரும் விதத்தில்தான் ஆபத்து. அவசரத்துக்கு 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றி பார்சல் கட்டுகிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்த இணைப்பு அதன் பிறகு யார் கைக்குப் போனாலும் எல்லா வாடிக்கையாளர் எண்ணும் திறந்துகொள்ளும். பெயர் குறித்து, குறிப்பிட்ட கணக்குகளுக்கு மட்டும் பகிரும் ஒழுக்கம் இருந்தால் கூகுள் ஃபார்ம் நல்ல தேர்வு. இல்லாவிட்டால் நான் பார்த்தவற்றில் மிக எளிதாகக் கசிவது இதுதான்.

வாட்ஸ்அப் நான்காவது. ஃபார்மே வேண்டாம், அழுத்தினால் கடையின் எண்ணோடு உரையாடல் திறக்கும் பொத்தான் போதும். இணையதளம் யாருடைய எண்ணையும் தொடுவதில்லை. வருகிறவர் தானாகப் பேசத் தொடங்குகிறார், வேண்டாமென்றால் தடுத்துவிடலாம். சட்டம் சொன்ன 'தானாக முன்வந்து, ஒரு காரியத்துக்காக' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. நம் ஊர் வாடிக்கையாளரும் ஃபார்மை நிரப்புவதைவிட இதைத்தான் விரும்புகிறார்.

ஆனால் பொறுப்பு மறையவில்லை, சர்வரிலிருந்து போனுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தப் போன் கடைக்கென்று தனியாக இருக்க வேண்டும். ஊழியரின் சொந்தப் போனில் ஓடினால், அவர் போகும்போது எண்களும் போகும். திரைப் பூட்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர்களை அள்ளி ஒரே குரூப்பில் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். எண்ணெய் வாங்கிய பாவத்துக்கு இருநூறு அந்நியர்களிடம் ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால் பெறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, கடையின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். வாட்ஸ்அப் சேனல் இன்னும் நல்லது: வேண்டியவர் தானாகச் சேருவார், வேண்டாதபோது விலகுவார், சக வாசகர்களுக்கு அவர் எண் தெரியாது.

எவ்வளவு நாள் வைப்பது? விலைப்பட்டியல், ரசீது போன்றவற்றை ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவை கணக்குப் புத்தகத்தோடு போகட்டும். விசாரித்துவிட்டு வாங்காமல் போனவர்களின் எண்ணை அத்தனை காலம் வைக்க எந்தக் காரணமும் இல்லை. விதிகள் சொல்லும் ஓராண்டு முடிந்ததும் அழித்துவிடலாம். ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்கிற அதே வாரத்தில் இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது. மின்னஞ்சல், ஷீட், டேட்டாபேஸ், அதோடு தளத்தின் பேக்கப். பேக்கப் ஜிப் கோப்பை யாரும் தரவிறக்கக்கூடிய தளக் கோப்புறையிலேயே விட்டுவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

எழுத்துரு, மேப், வீடியோ

இவை சட்டென்று முடியும். தமிழ் எழுத்துருக்களைக் கூகுள் சர்வரிலிருந்து இழுக்கும் தளங்கள் அதிகம். பக்கத்தைத் திறந்த ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் அப்போது கூகுளுக்குப் போகிறது. ஜெர்மனியில் மியூனிக் நீதிமன்றம் 2022 ஜனவரியில் இதற்காகவே ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், மீரா இனிமை போன்றவை எல்லாம் திறந்த உரிமம் கொண்டவை. கோப்பைத் தரவிறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். வேகமும் குறையாது. வேறு தளத்தில் ஏற்கெனவே தரவிறங்கிய எழுத்துரு நம் தளத்துக்கும் பயன்படும் என்ற பழைய வாதம், உலாவிகள் தளவாரியாகச் சேமிப்பைப் பிரித்த பிறகு செல்லாது. மேப்புக்குப் பதில் ஒரு சாதாரண இணைப்பு. வீடியோவுக்குப் பதில் ஒரு படம், அழுத்தினால் மட்டும் வீடியோ. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

பாரிஸுக்கும் பெர்லினுக்கும் அனுப்புகிறவர்கள்

புலம்பெயர்ந்த தமிழர்களுக்குப் பாரம்பரிய அரிசி அனுப்பும் கடைகள் உண்டு. யூரோவில் விலை போட்டு, ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் அனுப்புவோம் என்று தளத்தில் எழுதியிருந்தால், 2018 மே முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விற்பனைக்குப் பொருந்தும். அங்கிருந்து யாரோ தளத்தைத் திறந்தார்கள் என்பதற்காக மட்டும் பொருந்தாது. தளம் இயங்க அவசியமில்லாத குக்கீயை வைப்பதற்கே முன்கூட்டி ஒப்புதல் வேண்டும், முன்பே டிக் செய்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்பதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-ல் உறுதிசெய்துவிட்டது. 2022-ல் ஆஸ்திரிய, பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் கூகுள் அனலிடிக்ஸ் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்புவதே சட்டவிரோதம் என்றன. 2023 ஜூலையில் வந்த ஐரோப்பிய-அமெரிக்க ஏற்பாட்டுக்குப் பிறகு அந்தச் சிக்கல் தணிந்திருக்கிறது, ஒப்புதல் கடமை அப்படியேதான் இருக்கிறது. ஏற்றுமதி செய்கிற கடைக்கு குக்கீ இல்லாத வழிதான் தலைவலி குறைந்த வழி.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

விளம்பரம் கொடுக்காத, உள்ளூரில் விற்கும் கடைக்கு: கூகுள் அனலிடிக்ஸை எடுத்துவிட்டு, சிபேனலில் இருக்கும் ஏடபிள்யூஸ்டாட்ஸை மாதம் ஒருமுறை பார்ப்பது. அது போதவில்லை என்றால் கோட்கவுண்ட்டர். விசாரணைக்கு வாட்ஸ்அப் பொத்தான், வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு நான்கு கட்ட ஃபார்ம், மின்னஞ்சலுக்கு மட்டும், டேட்டாபேஸில் சேமிப்பு இல்லாமல். சலுகைச் செய்திக்குச் சேனல்.

கடை வேறாக இருந்தால் முடிவும் மாறும். டியூஷன் சென்டர், பரதநாட்டியப் பள்ளி என்றால் வருகிறவர்களில் பிள்ளைகள் உண்டு. சட்டப்படி 18 வயது வரை குழந்தைதான். அவர்கள் தரவைத் தொட பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும், நடமாட்டத்தைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும் தடை. கல்வி நிறுவனங்களுக்கு இருக்கும் விலக்கு குறுகியது. அங்கே அனலிடிக்ஸை யோசிக்கவே வேண்டாம், ஃபார்மைப் பெற்றோர் தம் பெயரில் நிரப்பும்படி வைக்க வேண்டும். சித்த வைத்தியரின் தளம் என்றால் 'உங்கள் உபாதை என்ன' என்ற கட்டத்தை ஃபார்மிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2011-ன் பழைய விதிகளே உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டியதாகத்தான் வைத்திருந்தன. நேரம் குறித்துக்கொள்ளப் பெயரும் எண்ணும் போதும், நோயைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக அறிவிப்பு. ஒப்புதல் கேட்கும் இடத்தில் விளக்கத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. எங்கிருந்தோ நகலெடுத்த பத்துப் பக்க ஆங்கிலக் கொள்கையைத் தளத்தின் அடியில் ஒளித்து வைப்பதைவிட, ஃபார்முக்கு நேர் கீழே தமிழில் நாலு வரி எழுதலாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கும்:

'உங்கள் பெயர், போன் எண், பின்கோடு ஆகியவற்றை இந்த விசாரணைக்குப் பதில் சொல்ல மட்டும் பயன்படுத்துவோம். கடை உரிமையாளரும் ஆர்டர் பார்க்கும் ஊழியர் ஒருவரும் மட்டுமே இவற்றைப் பார்ப்பார்கள். ஓராண்டுக்குப் பிறகு அழித்துவிடுவோம். என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்கவோ திருத்தவோ அழிக்கச் சொல்லவோ இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம். புதிய சரக்கு, தள்ளுபடி பற்றிய செய்தி வேண்டுமென்றால் மட்டும் கீழே உள்ள கட்டத்தில் டிக் செய்யுங்கள்.'

அந்தக் கட்டம் காலியாகவே தொடங்க வேண்டும்.